சட்ட ஆய்விதழ்கள் யாருடையவை? சில குறிப்புகள்

போன மாதம் சாகோஸ் தீவுகள் விவகாரத்தைப் படித்துக்கொண்டிருந்தேன். ஹேகில் உள்ள சர்வதேச நீதிமன்றம் 2019 பிப்ரவரி 25 அன்று அது பற்றி ஓர் ஆலோசனைக் கருத்து வழங்கியது. மொரீஷியஸின் காலனி நீக்கம் சட்டப்படி முழுமை அடையவில்லை, பிரிட்டன் அந்தத் தீவுகளில் தன் நிர்வாகத்தைக் கூடிய விரைவில் முடித்துக்கொள்ள வேண்டும் என்று 13-க்கு 1 என்ற கணக்கில் சொன்னது. முழு உரையும் நீதிமன்றத்தின் தளத்திலேயே இருக்கிறது. ஆங்கிலத்தில், பிரெஞ்சில், நீதிபதிகள் தனித்தனியாக எழுதிய கருத்துகளோடு. காசு கேட்கவில்லை, லாகின் கேட்கவில்லை.

படித்து முடித்ததும் எனக்கு ஒரு சந்தேகம். 'ஆலோசனை' என்றால் பிரிட்டன் அதை ஓரமாக வைத்துவிட்டுப் போகலாமா? கட்டுப்படுத்தாது என்பது ஏட்டுப் பதில். ஆனால் அந்த ஆலோசனைக்குள் சொல்லப்பட்டிருப்பது ஏற்கெனவே இருக்கும் சட்டக் கடமை ஆயிற்றே, அது எப்படிக் கட்டுப்படுத்தாமல் போகும்? இதை யாராவது உட்கார்ந்து யோசித்து எழுதியிருப்பார்கள் என்று தேடினேன். எழுதியிருந்தார்கள். ஓர் ஐரோப்பியப் பேராசிரியரின் கட்டுரை, சரியாக இதே கேள்வி. கிளிக் செய்தால் முதல் பத்தி தெரிந்தது, அதற்குக் கீழே பூட்டு. ஒரு நாள் வாசிப்புக்கு ஏறக்குறைய நாற்பது டாலர். என் வீட்டு பிராட்பேண்டுக்கு நான் மூன்று நான்கு மாதம் கட்டும் பணம்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் சட்டம் படித்தவன் இல்லை. பி.இ. முடித்து இருபது வருடத்துக்கு மேலாகக் கோடு எழுதிப் பிழைப்பவன். ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் இந்த ஆராய்ச்சி எல்லாம். பல்கலைக்கழக ஐடி கிடையாது, நூலகச் சந்தா கிடையாது. ஆகவே இது வெளியில் நிற்பவனின் புலம்பல்தானே என்று யாராவது நினைத்தால் அதில் பாதி உண்மை. மீதிப் பாதியைத்தான் இங்கே எழுதப் பார்க்கிறேன்.

பன்னாட்டுச் சட்டத்திலும் ஐரோப்பியச் சட்டத்திலும் மூல ஆவணங்கள் கிடைக்கும் விதத்தைப் பார்த்தால் பொறாமையாக இருக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டங்கள், தீர்ப்புகள் எல்லாம் யூர்-லெக்ஸ் தளத்தில், ஒன்றியத்தின் அலுவல் மொழிகளில், ஒவ்வொன்றுக்கும் நிலையான ஓர் எண்ணோடு கிடக்கின்றன. ஸ்ட்ராஸ்பூர்க் மனித உரிமை நீதிமன்றத்துக்கு ஹுடாக் என்று தனித் தரவுத்தளம். மென்பொருள்காரன் கண்ணோடு பார்த்தால் நன்றாகவே கட்டியிருக்கிறார்கள். ஆனால் சட்டம் என்ன சொல்கிறது என்பது கையில் வந்த பிறகு, அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்கப் போகும்போதுதான் கதவு சாத்தப்படுகிறது. சோர்ஸ் கோடை இலவசமாகக் கொடுத்துவிட்டு மேனுவலுக்குக் காசு வாங்குகிற மாதிரி.

எல்லாத் துறையிலும் இப்படித்தானே, வேதியியல் கட்டுரைக்கும் இதே நாற்பது டாலர்தானே என்று கேட்கலாம். சரிதான். ஆனால் இந்தத் துறையில் ஒரு விசேஷம் இருக்கிறது. இங்கே கட்டுரையே ஒரு வகையில் சட்டத்தின் பகுதி. இதைப் புரிந்துகொள்ள எனக்குக் கொஞ்ச காலம் ஆயிற்று. புரிய வைத்தது இரண்டு மீன்பிடிப் படகுகள்.

1898. அமெரிக்காவுக்கும் ஸ்பெயினுக்கும் போர். அப்போது ஸ்பெயினிடம் இருந்த கியூபாவை அமெரிக்கக் கப்பற்படை முற்றுகையிட்டிருந்தது. ஹவானாவிலிருந்து கிளம்பிய பாகேட் ஹபானா, லோலா என்ற இரண்டு படகுகள் மீன் பிடித்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தன. ஒன்றில் மூன்று பேர், இன்னொன்றில் ஆறு பேர். போர் தொடங்கிய விஷயமே அவர்களுக்குத் தெரியாது. அமெரிக்கப் போர்க்கப்பல்கள் இரண்டையும் பிடித்தன, கீ வெஸ்டுக்கு இழுத்துப் போயின. எதிரிக் கப்பல், போர்ப் பறிமுதல் என்று ஏலம் விட்டார்கள். ஒன்று 490 டாலர், மற்றது 800 டாலர். வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. 1900 ஜனவரியில் தீர்ப்பு.

கரையோர மீனவனின் படகைப் போரில் பறிக்கக் கூடாது என்று இரு நாட்டுக்கும் இடையே ஒப்பந்தம் எதுவும் இல்லை. அமெரிக்க நாடாளுமன்றச் சட்டமும் இல்லை. அப்படியானால் நீதிபதி எதை வைத்துத் தீர்ப்புச் சொல்வார்? நீதிபதி கிரே புத்தகங்களைத் திறந்தார். 1403-இல் இங்கிலாந்து அரசர் நான்காம் ஹென்றி போட்ட உத்தரவிலிருந்து தொடங்கி ஐந்து நூற்றாண்டுப் பழக்கத்தை வரிசையாக அடுக்கினார். அதற்குச் சாட்சியாக பிரெஞ்சு, ஜெர்மன், இத்தாலிய, அர்ஜென்டினச் சட்ட அறிஞர்களின் நூல்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். தகஹாஷி என்ற ஜப்பானிய அறிஞரின் நூலும் அதில் உண்டு. 1894-இல் சீனாவோடு போர் வந்தபோது ஜப்பான் கரையோர மீன்பிடிப் படகுகளுக்கு விலக்கு அளித்தது என்பதற்கு அதுதான் ஆதாரம். ஜப்பான், 'நாகரிக நாடுகள்' வரிசையில் கடைசியாகச் சேர்ந்த நாடு என்று அடைப்புக்குறிக்குள் ஒரு வார்த்தையும் சேர்த்திருக்கிறார். அந்த அடைப்புக்குறியைப் பற்றியே தனியாக ஒரு பதிவு எழுதலாம்.

அறிஞர்களின் நூல்களை நாடுவது சட்டம் எப்படி இருக்க வேண்டும் என்ற அவர்களின் ஆசைகளைக் கேட்க அல்ல, சட்டம் உண்மையில் என்னவாக இருக்கிறது என்பதற்கு நம்பகமான சாட்சியாகத்தான் என்று அந்தத் தீர்ப்பு விளக்குகிறது. படகுக்காரர்கள் ஜெயித்தார்கள். ஏலத்தில் வந்த பணம் திருப்பித் தரப்பட வேண்டும், நஷ்ட ஈட்டோடு.

கடலில் பிடிபட்ட படகு, இன்னொரு நாட்டுத் துறைமுகம், ஏலம் என்று வாசிக்கும்போது ராமேஸ்வரத்துக்காரருக்கு வேறு என்னென்னவோ நினைவுக்கு வரும். அது வேறு சட்டம், வேறு சூழல், இங்கே அதைக் கலக்கவில்லை. நான் சொல்ல வந்தது ஒன்றுதான். மூன்று பேர் போகும் ஒரு படகின் உரிமை, ஒரு நூலகத்தின் அலமாரியில் இருந்த புத்தகங்களில் தொங்கிக்கொண்டிருந்தது.

இது ஏதோ பழங்கதை இல்லை. சர்வதேச நீதிமன்றத்தின் சட்டவிதிகளில் 38-ஆம் பிரிவு, நீதிமன்றம் எவற்றைக் கொண்டு சட்டத்தைக் கண்டறியலாம் என்று சொல்கிறது. ஒப்பந்தங்கள், வழக்காறு, பொதுக் கோட்பாடுகள், பிறகு துணைச் சாதனங்களாக நீதிமன்றத் தீர்ப்புகளும் பல்வேறு நாடுகளின் தகுதி மிக்க சட்ட எழுத்தாளர்களின் போதனைகளும். 1920-இல் பழைய நிரந்தர நீதிமன்றத்துக்காக எழுதிய வாசகம், 1945-இலும் ஏறக்குறைய அப்படியே தொடர்ந்தது. நீதிமன்றம் தன் தீர்ப்பில் எழுத்தாளர்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுவது அபூர்வம்தான். ஆனால் நீதிபதிகள் தனியாக எழுதும் கருத்துகளைத் திறந்தால் அடிக்குறிப்புகள் நிரம்பி வழியும். வழக்கறிஞர்களின் வாதுரைகளிலும் ஐ.நா.வின் சர்வதேசச் சட்ட ஆணையம் எழுதும் விளக்கவுரைகளிலும் அதே கதைதான்.

'பல்வேறு நாடுகளின்' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். எந்தெந்த நாடுகள்? அந்தியா ராபர்ட்ஸ் 2017-இல் வெளியிட்ட நூலின் தலைப்பே பன்னாட்டுச் சட்டம் உண்மையில் பன்னாட்டுத் தன்மை கொண்டதுதானா என்ற கேள்வி. பாதுகாப்புச் சபையின் ஐந்து நிரந்தர உறுப்பு நாடுகளில் பேராசிரியர்கள் எங்கே படித்தவர்கள், எங்கே எழுதுகிறார்கள், பாடநூல்கள் எந்த நாட்டு வழக்குகளைக் காட்டுகின்றன என்று ஒப்பிட்டுப் பார்த்தவர். ஒரே சட்டத்தை ஒவ்வொரு ஊரிலும் வேறு வேறாகப் படிக்கிறார்கள், அதில் சிலருடைய வாசிப்பு மட்டும் 'சர்வதேசம்' என்ற பெயரில் ஊர் ஊராகப் போகிறது என்பதுதான் எனக்கு அந்த நூலிலிருந்து கிடைத்தது. எதில் ஏறிப் போகிறது? ஆய்விதழ்களில் ஏறித்தான்.

ஐரோப்பியச் சட்டத்தில் இது இன்னும் அப்பட்டம். ஒன்றியச் சட்டமும் ஒரு நாட்டின் சட்டமும் மோதினால் எது நிற்கும்? ஒன்றியச் சட்டம்தான் என்று முதலாம் ஆண்டு மாணவரும் சொல்வார். ஆனால் அதை ஒப்பந்தங்களின் ஷரத்துகளில் தேடிப் பாருங்கள், கிடைக்காது. 1964-இல் கோஸ்டா வழக்கில் லக்சம்பர்க் நீதிமன்றம் சொன்னது அது. 2004-இன் அரசியலமைப்பு ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்தாகவே எழுதினார்கள், அந்த ஒப்பந்தம் பிரான்சிலும் நெதர்லாந்திலும் வாக்கெடுப்பில் தோற்றுப்போனது. அடுத்து வந்த லிஸ்பன் ஒப்பந்தத்தில் அந்த ஷரத்து இல்லை, பின்னிணைப்பில் 17-ஆவது பிரகடனமாக ஒதுங்கிக்கொண்டது. ஷரத்து இல்லாத ஒரு விதி எப்படி எல்லாருக்கும் பாலபாடம் ஆனது? தீர்ப்புகள் ஒரு பக்கம். அந்தத் தீர்ப்புகளைக் கோத்து இது வெறும் ஒப்பந்தம் இல்லை, ஓர் அரசியலமைப்பு என்று வாசிக்கக் கற்றுக்கொடுத்த கட்டுரைகள் இன்னொரு பக்கம். எரிக் ஸ்டைன் 1981-இல் எழுதியதும் ஜோசப் வைலர் 1991-இல் எழுதியதும் இல்லாமல் அந்தப் பாடம் இன்றைய வடிவத்தில் இருக்காது. இரண்டுமே அமெரிக்க ஆய்விதழ்களில் வந்தவை என்பது தனி வேடிக்கை.

ஆகவே இலவசமாகக் கிடைக்கும் ஒப்பந்தத்தை மட்டும் வரி விடாமல் படித்தவர் தப்பாகத்தான் புரிந்துகொள்வார். இதுதான் என் புகாரின் சாரம். விளக்கம் இல்லாமல் சட்டம் இல்லை, விளக்கத்துக்கு ஓர் உரிமையாளர் இருக்கிறார்.

உரிமையாளர் என்று சும்மா சொல்லவில்லை. 2020-இல் அது வெளிச்சத்துக்கு வந்தது. ஐரோப்பியன் லா ஜர்னல், 1995-இல் தொடங்கியது. ஐரோப்பியச் சட்டத்தைச் சமூகம், அரசியல், பொருளாதாரத்தோடு சேர்த்துப் பார்க்கும் இதழ் என்று பேர் வாங்கியது. வெளியிடுவது வைலி என்ற பெரிய வணிகப் பதிப்பகம். 2020 தொடக்கத்தில் அதன் முதன்மை ஆசிரியர்கள் ஜோவானா மென்டெஸும் ஹார்ம் ஸ்கெபலும் ஆசிரியர் குழுவோடு சேர்ந்து ராஜினாமா செய்தார்கள். ஆலோசனைக் குழுவிலும் பெரும்பாலானோர் கூடவே வெளியேறினார்கள். சண்டை சந்தா விலையைப் பற்றியதல்ல. அடுத்த ஆசிரியர்களை நியமிப்பது யார், அந்தத் துறையின் அறிஞர்களா, பதிப்பகமா என்பதுதான். அந்த அதிகாரத்தை எழுத்தில் தரப் பதிப்பகம் தயாராக இல்லை.

கட்டுரை எழுதுபவருக்குச் சம்பளம் கொடுப்பது பல்கலைக்கழகம். அதை மதிப்பிடும் சக ஆய்வாளர்கள் சும்மா செய்கிறார்கள். கடைசியில் அதே பல்கலைக்கழகத்தின் நூலகம் சந்தா கட்டி வாங்குகிறது. இந்தக் கணக்கு எல்லாருக்கும் தெரிந்ததுதான், விரிக்கவில்லை. ஆனால் ஆசிரியரை நியமிப்பதும் நாங்களே என்றால், அறிஞர்களின் பங்கு அங்கே மிச்சம் என்ன?

எங்கள் தொழிலில் இதற்கு ஃபோர்க் என்று பெயர். 2010-இல் ஓபன்ஆஃபிஸை ஆரக்கிள் கையிலிருந்து விலகிய டெவலப்பர்கள் லிப்ரேஆஃபிஸாக எடுத்துக்கொண்டு போனார்கள். பெயர் அங்கேயே நின்றது, ஆட்கள் வெளியே வந்தார்கள். இங்கேயும் அதே. விலகியவர்கள் யூரோப்பியன் லா ஓபன் என்ற புதிய இதழைத் தொடங்கினார்கள். 2022-இல் முதல் தொகுதி, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பதிப்பகம் வழியாக, யாரும் காசில்லாமல் படிக்கலாம். பழைய இதழ் பழைய பெயரிலேயே வைலியிடம் புதிய ஆசிரியர்களோடு தொடர்கிறது.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் பலரும் இங்கே கைதட்டி நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு ஒரு விஷயம் உறுத்துகிறது. லிப்ரேஆஃபிஸ்காரர்கள் வெளியேறியபோது மொத்தக் கோடையும், அதன் வரலாற்றோடு சேர்த்து, எடுத்துக்கொண்டு போனார்கள். உரிமம் அதை அனுமதித்தது. சட்ட இதழின் ஆசிரியர்கள் எதை எடுத்துக்கொண்டு போனார்கள்? தங்களை மட்டும். 1995 முதல் 2020 வரையிலான இருபத்தைந்து தொகுதிகள் பழைய இடத்திலேயே. உலகத்தின் ஒப்பந்தங்களை எல்லாம் வரி வரியாகப் பிரித்து மேய்கிற சட்டப் பேராசிரியர்கள், ஒவ்வொரு கட்டுரைக்கும் பதிப்பகம் நீட்டும் இரண்டு பக்க ஒப்பந்தத்தில் இருபத்தைந்து வருடம் கையெழுத்துப் போட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்கள். வைலியைத் திட்டுவதற்கு முன்னால் இதையும் கேட்க வேண்டாமா?

வேறு மாதிரி செய்தவர்களும் இருக்கிறார்கள். ஜெர்மன் லா ஜர்னல் 2000-இல் இணையத்தில் இலவச இதழாகவே பிறந்தது. இப்போது கேம்பிரிட்ஜ் தளத்துக்குப் போய்விட்டாலும் இன்னும் இலவசம்தான். ஆக முடியாத காரியம் ஒன்றும் இல்லை.

'ஆசிரியரை யார் நியமித்தால் என்ன, கட்டுரை நன்றாக இருந்தால் சரி' என்று ஒரு நண்பர் சொன்னார். அவருக்காக இந்த இன்னொரு சம்பவம்.

யூரோப்பியன் ஜர்னல் ஆஃப் இன்டர்நேஷனல் லா என்ற இதழின் ஆசிரியர் ஜோசப் வைலர், மேலே 1991 கட்டுரைக்காகச் சொன்ன அதே ஆள். அந்த இதழோடு தொடர்புள்ள புத்தக மதிப்புரைத் தளம் ஒன்றையும் நடத்தினார். 2007-இல் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தின் விசாரணை நடைமுறை பற்றிய ஒரு நூலுக்கு ஜெர்மனியின் தாமஸ் வைகென்ட் அதில் மதிப்புரை எழுதினார். சின்ன மதிப்புரை, சாதகமானது இல்லை. நூலாசிரியர் அதை நீக்கச் சொன்னார். வைலர் மறுத்தார். வேண்டுமானால் உங்கள் பதிலை அதே பக்கத்தில் போடுகிறேன் என்றார். நூலாசிரியர் பாரிஸில் குற்றவியல் அவதூறு வழக்குப் போட்டார். மதிப்புரை ஆங்கிலத்தில், எழுதியவர் ஜெர்மானியர், ஆசிரியர் நியூயார்க்கில். வழக்கு பிரான்சில்! 2011 ஜனவரியில் வைலர் பாரிஸ் நீதிமன்றத்தில் குற்றம் சாட்டப்பட்டவராக நின்றார். மார்ச் 3 அன்று விடுதலை. அந்த மதிப்புரை கல்வி விமர்சனத்தின் எல்லைக்குள்தான் இருக்கிறது என்றது நீதிமன்றம். நீதிமன்ற நடைமுறையைத் துஷ்பிரயோகம் செய்ததற்காக வழக்குத் தொடுத்தவர் 8,000 யூரோ தர வேண்டும் என்றும் சொன்னது.

அந்த மதிப்புரையை நீக்கியிருந்தால் ஐந்து நிமிட வேலை. ஒரு டெலிட் பட்டன். இதே மின்னஞ்சல் ஒரு கம்பெனியின் சட்டப் பிரிவுக்குப் போயிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று கம்பெனியில் வேலை பார்க்கிறவனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ரிஸ்க் எவ்வளவு, வருமானம் எவ்வளவு, தூக்கிவிடு. வைலர் தூக்கவில்லை, ஏனென்றால் அவர் அங்கே யாருடைய ஊழியராகவும் உட்காரவில்லை. நியமனம் யார் கையில் என்பது இப்படி ஒரு மின்னஞ்சல் வரும் நாளில்தான் தெரியும். மற்ற நாளெல்லாம் கட்டுரை நன்றாகத்தான் இருக்கும்.

(வைலரின் எல்லாக் கருத்தும் எனக்கு ஒத்துப்போகும் என்று அர்த்தமில்லை. ஆனால் அவருடைய இதழ் ஆக்ஸ்ஃபோர்டு பதிப்பகத்தோடு இருந்துகொண்டே, ஒரு வருடம் கழிந்த கட்டுரைகளைத் தன் சொந்தத் தளத்தில் இலவசமாகப் போட்டு வந்தது. நான் கற்றுக்கொண்டதில் பெரும் பங்கு அந்தப் பழைய இதழ்களிலிருந்துதான்.)

இப்போது வரும் பதில் என்னவென்றால், எல்லாம் திறந்த அணுக்கத்துக்கு மாறிக்கொண்டிருக்கிறது, கவலை வேண்டாம் என்பது. மாறுகிறது, உண்மை. ஆனால் பெரிய பதிப்பகங்கள் பலவற்றில் அது வாசகர் தரவேண்டிய காசை எழுதுபவர் தருவது என்ற வடிவத்தில் வருகிறது. ஐரோப்பியப் பேராசிரியருக்கு அவருடைய பல்கலைக்கழகமோ நிதி நல்கையோ கட்டிவிடும். நம் ஊர்ச் சட்டக் கல்லூரி உதவிப் பேராசிரியருக்கு யார் கட்டுவார்? நான் படிப்பதற்குக் கதவு திறக்கிறது, அவர் எழுதுவதற்குச் சாத்துகிறது. 'பல்வேறு நாடுகளின்' எழுத்தாளர்கள் என்ற 38-ஆம் பிரிவின் வாசகத்தோடு இதை வைத்துப் பார்த்தால், எனக்குப் பழைய பூட்டே தேவலை என்று தோன்றும் நேரங்கள் உண்டு. இந்திய அரசு 2024 நவம்பரில் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துக்கு மூன்று ஆண்டுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கியது. ஏறக்குறைய 13,000 இதழ்கள், 6,300 கல்வி நிறுவனங்கள். நல்ல காரியம், அந்த உதவிப் பேராசிரியரின் வாசிப்புப் பிரச்சினை தீரும். பணம் போய்ச் சேரும் இடம் அதே முப்பது பதிப்பகங்கள். என்னை மாதிரி நிறுவனம் இல்லாதவன் அந்த 6,300-இல் எதிலும் இல்லை.

சாகோஸ் கட்டுரைக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். எழுதிய பேராசிரியரின் முகவரி அவருடைய பல்கலைக்கழகப் பக்கத்தில் இருந்தது. நான் யார், எதற்காக வேண்டும் என்று நாலு வரி எழுதினேன். மறுநாள் காலை காபி குடிக்கும்போது பி.டி.எஃப். வந்திருந்தது. படித்துவிட்டு எங்கே ஒத்துப்போகவில்லை என்று சொல்லுங்கள் என்று ஒரு வரியோடு. இரண்டு ராத்திரி உட்கார்ந்து படித்தேன். என் கேள்விக்கான பதில் நடுவில், ஓர் அடிக்குறிப்பில் இருந்தது. இதை வேறோரு கட்டுரையில் விரிவாக விவாதித்திருக்கிறார்கள், காண்க என்று.

அந்தக் கட்டுரைக்குப் போனேன். பூட்டு. இந்த முறை முப்பத்தைந்து டாலர். எழுதியவர் பணி ஓய்வு பெற்றுவிட்டார் போலிருக்கிறது, பல்கலைக்கழகப் பக்கத்தில் முகவரி இல்லை. யாரிடமாவது இருந்தால் எனக்கு எழுதுங்கள்.